கண்ணின் நன்றி

வல்ல அல்லாஹ் நமக்கு வழங்கிய ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு நன்றிக்கடன் உண்டு. நாவின் நன்றி அவனைத் துதிப்பது. கையின் நன்றி ஈவது. காலின் நன்றி நல்வழியில் நடப்பது. கண்ணின் நன்றி யாது? தீயதைக் காணாமல் தாழ்த்திக்கொள்வது மட்டுமே என்று பலர் எண்ணுகின்றனர். அது பாதிதான். காண வேண்டியதைக் கண்டு மகிழ்வதும், அந்த மகிழ்ச்சியைப் படைத்தவனின்பால் திருப்புவதும் மற்றப் பாதியாகும்.

திருமறை மனிதனைப் பார்க்குமாறு திரும்பத் திரும்ப அழைக்கிறது. ஒட்டகம் படைக்கப்பட்ட விதத்தையும், வானம் உயர்த்தப்பட்ட விதத்தையும், மலைகள் நாட்டப்பட்ட விதத்தையும் நோக்க வேண்டாமா என்று ‘காஷியா’ அத்தியாயம் வினவுகிறது. தலைக்குமேல் சிறகை விரித்தும் மடக்கியும் செல்லும் பறவைகளின்பால் ‘முல்க்’ அத்தியாயம் நம் கவனத்தைத் திருப்புகிறது. பசு, கால்நடை, தேனீ, எறும்பு, சிலந்தி, யானை ஆகிய உயிர்களின் பெயர்களையே ஆறு அத்தியாயங்கள் தாங்கி நிற்கின்றன. பூமியில் ஊர்வனவும் வானில் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று ‘அன்ஆம்’ அத்தியாயம் அறிவிக்கிறது. இத்தனையும் ஓதிய பின்னரும் நாம் பார்க்கிறோமா?

தோலை அறிந்தோம்

பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்து மக்களாகிய நம்மிடம் இக்கேள்விக்குத் தனிப் பொருள் உண்டு. தலைமுறை தலைமுறையாக நம் பிழைப்பு தோல். நம் பெரியவர்கள் ஒரு தோலைத் தடவிய மாத்திரத்தில் அது வெள்ளாட்டுத் தோலா, செம்மறித் தோலா என்று கூறிவிடுவர். அதன் தரம் என்ன, கனம் என்ன, முள் கீறிய தழும்பு எங்கே, உண்ணி கடித்த புள்ளி எங்கே என்பதெல்லாம் அவர்களது விரல் நுனிக்குத் தெரியும். இது பெரும் அறிவே, ஹலாலான உழைப்பே.

ஆயினும் வாசகரே, ஒன்றைச் சிந்தியுங்கள். உயிர் போன பின் விலங்கின் தோலை இவ்வளவு நுணுக்கமாக அறிந்த நாம், உயிரோடு உலவும்போது அதை ஒரு கணமேனும் நின்று நோக்கியதுண்டா? ஆட்டின் கண்ணில் பாவை குறுக்குக் கோடாக அமைந்திருப்பதைக் கண்டிருக்கிறீர்களா? மேயும்போதே பக்கவாட்டில் வரும் ஆபத்தை அது அறிந்துகொள்வதற்காக அமைந்த ஏற்பாடு அது. அந்தக் காலத்தில் நம் ஊர்க் குழிகளில் தோல் பதனிட உதவிய ஆவாரம் பட்டையை மூட்டை மூட்டையாக எடை போட்டோம். அந்த ஆவாரை நம் குன்றுகளின் சரிவில் மஞ்சள் போர்த்திப் பூத்து நின்றபோது எத்தனை பேர் நின்று பார்த்தோம்?

மக்தபில் ஓதும் சிறுவர்களுக்கு ஹுத்ஹுத் பறவையின் வரலாறு மனப்பாடம். சுலைமான் நபி (அலை) அவர்களின் படையில் இருந்ததும், ஸபா நாட்டு அரசியின் செய்தியைக் கொண்டுவந்ததுமான அப்பறவை எங்கோ அரபு நாட்டில் மட்டும் வாழ்வதென்று அவர்கள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது நம் ஊர்ப் பறவையே. தமிழில் அதைக் கொண்டலாத்தி என்பார்கள். செம்பழுப்பு உடல், கறுப்பும் வெள்ளையுமான வரிச் சிறகு, வளைந்த நீண்ட அலகு, விசிறிபோல் விரிந்து மடியும் கொண்டை. தோட்டத்து மண்ணில் அலகை நுழைத்துப் புழுக்களைத் தேடியபடி அது நடந்துகொண்டிருக்கும். நாம் அதன் பெயரை ஓதிக்கொண்டே அதைக் கடந்து போகிறோம்!

கருவி ஒன்று கையில் உண்டு

இன்று ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கைப்பேசி உண்டு. அதில் ஒரு காமிரா உண்டு. அது பெரும்பாலும் நம் முகத்தையும் நம் விருந்தையுமே திரும்பத் திரும்பப் படம் பிடிக்கிறது. அதையே சற்று வெளிப்புறமாகத் திருப்பிப் பாருங்கள். மாடிச் சுவரில் வந்தமரும் மைனா, தெருவிளக்குக் கம்பியில் வாலை அசைக்கும் கரிச்சான், பனையோலையில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடு, திண்ணையில் வெயில் காயும் பூனை, தொழுதுவிட்டு வரும் நண்பரின் புன்னகை, மழைக்குப் பின் சாத்கர் மலைமேல் தங்கி நிற்கும் மேகம். இவற்றைப் படமெடுக்கப் பழகியவர் ஓர் உண்மையை விரைவில் அறிந்துகொள்வார். படமெடுக்க வேண்டுமானால் நிற்க வேண்டும், காத்திருக்க வேண்டும், ஓசையின்றி இருக்க வேண்டும். பொறுமை என்னும் பாடத்தை ஒரு சிட்டுக்குருவி கற்பித்துவிடும்.

தமிழகத்தில் இதற்குச் சிறந்த முன்மாதிரி உண்டு. ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912-1996) தம் வாழ்நாளைக் காட்டுயிர்களை நோக்குவதிலும் படமெடுப்பதிலும் செலவிட்டார். கறுப்பு வெள்ளைப் படங்களே அவருடையவை. பல கருவிகளின் உறுப்புகளைக் கொண்டு தமக்கென ஒரு காமிராவைத் தாமே அமைத்துக்கொண்டார். ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950இல் தொடங்கிய அவரது பத்தி, 1996இல் அவர் மறையும்வரை தொடர்ந்து வெளிவந்தது. காட்டு யானையைப் பற்றி எழுதிய அதே ஆர்வத்தோடு காகத்தையும் அணிலையும் பற்றி எழுதினார். நாற்பத்தாறு ஆண்டுகள் எழுதியும் அவருக்குப் பொருள் தீரவில்லை என்றால், படைப்பின் வளம் எத்தகையது என்பதை எண்ணிப் பாருங்கள்.

நம் சமுதாயத்திலேயே பிறந்த ஸாலிம் அலீயின் (1896-1987) வரலாறும் நம் இளைஞர்கள் அறிய வேண்டியது. பம்பாயில் பிறந்து, பெற்றோரை இழந்து, மாமன் வீட்டில் வளர்ந்த அவர், சிறுவயதில் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருக்கக் கண்டு வியந்து, அது என்ன பறவை என்று கேட்டு மாமனிடம் சென்றார். மாமன் அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பிவைத்தார். அந்த ஒரு கேள்வி அவரை இந்தியப் பறவையியலின் தலைமகனாக்கிற்று. 1941இல் வெளிவந்த அவரது இந்தியப் பறவைகள் பற்றிய நூல் பல பதிப்புகள் கண்டது. கோவைக்கு அருகே ஆனைகட்டியில் அவர் பெயரால் ஓர் ஆய்வு மையம் நடைபெறுகிறது. வீழ்த்தியதோடு நின்றிருந்தால் அவர் ஆயிரத்தில் ஒரு சிறுவர். வீழ்ந்ததை உற்று நோக்கியதால் ஓர் அறிஞர்.

படமெடுப்பது கூடுமா?

இவ்விடத்தில் உங்களுள் பலர் கேட்கும் கேள்வியை நான் அறிவேன். உயிருள்ளவற்றின் உருவம் அமைப்பதைக் கண்டிக்கும் ஹதீஸ்கள் ஆதாரபூர்வமாக உள்ளனவே. அப்படியிருக்கப் படம் எடுக்கலாமா? இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. அது மார்க்கப் பற்றிலிருந்து பிறந்தது.

உலமாப் பெருமக்கள் இதில் கருத்து வேறுபட்டுள்ளனர். நிழற்படமும் உருவமே, கடவுச்சீட்டு, அடையாளச் சீட்டு போன்ற கட்டாயத் தேவைக்கன்றி அது கூடாது என்பது தேவ்பந்து வழி அறிஞர் பலரின் தீர்ப்பு. 2013இலும் தேவ்பந்து தாருல் உலூம் அதனை உறுதி செய்தது. மறுபுறம், எகிப்தின் தலைமை முஃப்தியாக 1914 முதல் 1920 வரை இருந்த ஷைகு முஹம்மது பகீத் அல்முதீஈ இதற்கெனவே ஒரு நூல் எழுதினார். கையால் வரைவதும் வடிப்பதும் வேறு. ஒளியால் விழும் நிழலை நிறுத்தி வைப்பது வேறு. பின்னது படைப்பாளனுக்குப் போட்டியாகாது என்பது அவர் வாதம். எகிப்தியப் படை அதிகாரி முஹம்மது ஸாதிக் பே 1861இல் மதீனாவையும் 1880இல் மக்காவையும் படமெடுத்தார். இன்று அவை வரலாற்றுச் செல்வங்கள்.

ஒளி நேர்கோட்டில் சென்று சிறு துளை வழியே சுவரில் பிம்பமாக விழும் முறையை ஆராய்ந்து எழுதியவர் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைஸம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கெய்ரோவில் வாழ்ந்து ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் ஒளியியல் நூலை இயற்றியவர் அவர். ‘காமிரா’ என்னும் சொல்லே அரபியிலிருந்து வந்தது என்று சிலர் மேடைகளில் கூறுவது சரியன்று. அது இலத்தீன் சொல். பெருமை கொள்வதற்கு அவரது அறிவே போதும். இல்லாத சொல்லாராய்ச்சி தேவையில்லை.

இச்சிறியேனின் கருத்து இதுதான்: வணங்குவதற்கும் பெருமையடிப்பதற்கும் ஆகாமல், படைப்பை நோக்கிப் படைத்தவனை நினைப்பதற்காக எடுக்கப்படும் படத்தில், அதை அனுமதித்த அறிஞர்களின் வழியைப் பின்பற்ற இடமுண்டு. உள்ளம் ஒப்பாதவர் மலையை, மரத்தை, மலரை, மேகத்தை, மஸ்ஜிதின் மினாராவைப் படமெடுக்கட்டும். உயிரற்ற உருவங்களிலும் மரஞ்செடிகளிலும் பெரும்பாலான அறிஞர்களுக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஒரே வீட்டில் தந்தை ஒரு கருத்தையும் மகன் ஒரு கருத்தையும் பின்பற்றினால், அதன் பொருட்டு உணவுத் தட்டின்முன் சண்டை வேண்டாம். படத்தைவிட உறவு பெரிது.

ஒழுக்கங்கள்

ஆயினும் அனுமதி என்றவுடன் எல்லையில்லை என்று கருதிவிடாதீர்கள். பயணத்தில் தோழர் சிலர் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட்டனர். தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் தாயிடமே திருப்பித் தருமாறு பணித்தார்கள். கூட்டை நெருங்கிக் கிளையை விலக்கிக் குஞ்சுகளைப் படமெடுக்கும் இளைஞர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். விலக்கிய இலை மறைப்பு காகத்துக்கும் பருந்துக்கும் வழிகாட்டும். தாய் அஞ்சி ஓடினால் முட்டை குளிர்ந்துவிடும். ஒரு படத்துக்காக ஓர் உயிர் போவது அழகாகாது, அநீதியாகும்.

நம் ஊரின் எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தில் கௌண்டின்யா சரணாலயம் உள்ளது. அங்குள்ள யானைகள் குடியாத்தம், பேரணாம்பட்டு வனப்பகுதிகளுக்கும் விளைநிலங்களுக்கும் வருவதுண்டு. அவற்றின் அருகே சென்று படமெடுக்க முனைவது வீரமன்று. தன்னைத் தானே அழிவில் தள்ளுவதை நம் மார்க்கம் தடுத்திருக்கிறது. பயிரை இழந்து நிற்கும் விவசாயியின் துயரத்தை வேடிக்கைப் படமாக்குவதும் தகாது.

மனிதரைப் படமெடுக்கும்போது இசைவு பெறுங்கள். நண்பர் உறங்கும்போதும், தடுமாறும்போதும், அழும்போதும் எடுத்துப் பலருக்குக் காட்டுவது ‘ஹுஜுராத்’ அத்தியாயம் தடுத்த கேலியும் துருவலுமே ஆகும். பெண்களின் படத்தை அவர்களது விருப்பமின்றி எடுப்பதும் பரப்புவதும் பாவமாகும். வளர்ப்புயிரை வெயிலில் நிறுத்தியும் பசிக்க வைத்தும் வேடிக்கை காட்டாதீர்கள். பூனையைக் கட்டிப்போட்டு உணவின்றிச் சாகவிட்ட பெண்ணின் முடிவை ஹதீஸ் நமக்கு அறிவித்துள்ளது. பூனைக்குட்டியின்மீது கொண்ட அன்பாலேயே ஒரு நபித்தோழர் அபூஹுரைரா (ரலி) என்று அழைக்கப்பட்டதையும் நாம் அறிவோம்.

மகிழ்ச்சியும் சாட்சியும்

இவ்வளவு எல்லைகள் கூறியதால் மகிழ்ச்சி குறைந்துவிடாது. அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூஉமைர் என்னும் சிறுவர் ஒரு சிறு பறவை வளர்த்தார். அது இறந்து சிறுவர் வாடியிருந்தபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் பறவையின் பெயரைச் சொல்லிக் கனிவோடு விசாரித்தார்கள். ஒரு சமுதாயத்தையே வழிநடத்தும் பொறுப்பை ஏற்றிருந்தவர்கள், ஒரு குழந்தையின் குருவிக்காக நின்றார்கள்! இந்த ஒரு சிறு நிகழ்ச்சியிலிருந்து ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர் இப்னுல் காஸ் அறுபது படிப்பினைகளைத் தொகுத்தார். குழந்தையின் சிறு மகிழ்ச்சியும் சிறு துயரும் மார்க்கத்துக்கு அப்பாற்பட்டவையல்ல என்பது அவற்றுள் நமக்கு வேண்டியது.

இன்னொன்றும் உண்டு. பார்க்கப் பழகிய கண் இழப்பையும் பார்க்கும். நம் தோல் தொழில் பல நன்மைகளை விளைத்தது. ஆம்பூர்த் தோல் வணிகர் காகா முஹம்மது உமர் 1924இல் உமராபாத்தில் ஜாமிஆ தாருஸ்ஸலாமை நிறுவியது அந்தப் பொருளின் பயனன்றோ? அதே தொழிலின் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்ததும் உண்மை. 1996இல் உச்சநீதிமன்றம் வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் குறித்து அளித்த தீர்ப்பு நாடெங்கும் பேசப்பட்டது. சட்டம் அச்சத்தால் சிலவற்றைச் செய்விக்கும். ஆற்றங்கரையில் ஒரு நீர்ப்பறவையைப் படமெடுத்துத் தன் குழந்தைக்குக் காட்டிய தொழிலதிபரோ, கழிவுக் குழாயைத் திறந்துவிடுவதற்குமுன் தாமே ஒருமுறை தயங்குவார். அந்தத் தயக்கத்தின் பெயர்தான் இறையச்சம்.

எனவே வாசகரே, வரும் வெள்ளிக்கிழமை ஸுப்ஹு தொழுகைக்குப் பின் கால்மணி நேரம் ஒதுக்குங்கள். குழந்தைகளையும் அழைத்துக்கொள்ளுங்கள். முதலில் கருவியின்றி வெறுங்கண்ணால் பாருங்கள். பின்னர் ஒரு படம் போதும். அந்தப் பறவையின் தமிழ்ப் பெயரைக் கேட்டறிந்து, திருமறையில் அதற்கு நெருங்கிய வசனத்தை ஓதிப் பொருள் சொல்லுங்கள். படம் கலங்கிப் போனாலும் வருந்த வேண்டாம்; பார்த்தது வீண்போகாது.

ஜின்களும் காற்றும் வசப்பட்ட சுலைமான் நபி (அலை) அவர்கள் அறியாத செய்தியை ஹுத்ஹுத் கொண்டுவந்தது. அம்மாமன்னர் அச்சிறு பறவையின் சொல்லுக்குச் செவி கொடுத்தார்கள். நம் தோட்டத்து மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும் கொண்டலாத்தியிடமும் நாம் அறியாத செய்தி இருக்கக் கூடும். நின்று பார்ப்போமாக! பார்த்து நன்றி செலுத்தும் நல்லடியார்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.