ஓதம் ஏறுன சுவரும் வாடகை பாக்கியும்

‘வாடகை பாக்கி, சுவத்துல பூசணம், அட்வான்ஸ்ல பிடித்தம்... இதெல்லாம் ஒரு பிரச்சினையா தோழர்? பஞ்சமி நிலத்தைப் பத்தி எழுதுங்க, ஆணவக் கொலையைப் பத்திப் பேசுங்க’ என்கிறார்கள் நம்மவர்களிலேயே சிலர். இப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் சொந்த வீட்டிலோ அரசு குவார்ட்டர்ஸிலோ இருப்பவர்கள். வாடகை வீடு அவர்களுக்கு நடுத்தர வர்க்கத்துப் புலம்பல்.

1917இல் பரோடாவில் அம்பேத்கர் வாடகை பாக்கி வைக்கவில்லை. கொலம்பியாவில் படித்துவிட்டு வந்தவர், சமஸ்தானத்தில் உத்தியோகம். எந்த இந்து விடுதியும் சேர்க்காது என்று தெரிந்து பார்சி விடுதிக்குப் போனார். பார்சிப் பெயரில் பதிவேட்டில் எழுதி, நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய் பேசித் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்து நின்றார்கள். சாமான்களை எடுத்துக்கொண்டு வெளியேறியவருக்கு இந்து நண்பர் வீட்டிலும் இடமில்லை, கிறித்தவ நண்பர் வீட்டிலும் இடமில்லை. பூங்காவில் போய் உட்கார்ந்தார். அண்ணலுக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை. பல வருஷம் கழித்தும் மறக்காமல் எழுதி வைத்தார். நமக்கு மட்டும் எப்படி இது சின்ன விஷயமாகிப் போச்சு?

மதுரையில் இப்போது யாரும் தடியோடு வருவதில்லை. சாதியைக்கூட நேராகக் கேட்பதில்லை. ‘தம்பிக்குச் சொந்த ஊரு எது?’ மேலூர்ப் பக்கம் என்றால், ‘பக்கம்னா?’ ஊர்ப் பெயரைச் சொன்னால், ‘ஊருக்குள்ளயா, வெளியவா?’ அதற்கும் பிடிகொடுக்காவிட்டால், ‘என்ன சாமி கும்பிடுவீக? கறி, மீனு சமைப்பீகளா?’ கடைசியில் ஆதார் நகல் கேட்பார்கள். அதில் ‘காலனி’ என்று இருந்தால் முடிந்தது, ‘நேத்தே ஒருத்தருக்கு வாக்குக் குடுத்துட்டோமே.’ அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல்லை நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். நல்லது. ஆனால் இதே மதுரையில் எஸ்.எஸ்.காலனி என்றொரு பகுதி இருக்கிறதே, அந்தக் காலனிக்காரர் யாருக்காவது இந்தச் சொல்லால் வீடு கிடைக்காமல் போனதுண்டா? சொல்லில் இல்லை தீட்டு.

2015இல் சுக்தேவ் தோரட்டும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் டெல்லியிலும் அதைச் சுற்றிய நகரங்களிலும் வெவ்வேறு பெயர்களில் வீடு கேட்டுப் பார்த்து எழுதினார்கள். தலித்துக்கும் முஸ்லிமுக்கும் ஒன்று மறுப்பு, இல்லையென்றால் கூடுதல் நிபந்தனை. நமக்கு இதைத் தெரிந்துகொள்ள ஆய்வு வேண்டியதில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை புரோக்கரோடு அலைந்தால் போதும்.

அதனால் நம்மில் பாதிப் பேர் மறைத்துத்தான் வீடு பிடிக்கிறோம். சுவரில் அம்பேத்கர் படம் மாட்டுவதில்லை. ஊரிலிருந்து வரும் அப்பத்தாவிடம், ‘வாசல்ல நின்னு சத்தமா பேசாத’ என்கிறோம். இதைக் கேலி பண்ண எனக்கு மனசு வராது. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பக்கத்தில் வேண்டும், வேறு வழி இல்லை. ஆனால் மறைத்து வாங்கின வீட்டில் சண்டை போட முடியாது. தண்ணி வரலேன்னு கேட்க முடியாது, கூரை ஒழுகுதுன்னு கேட்க முடியாது. கேட்டால் விசாரிப்பான், விசாரித்தால் தெரிஞ்சுபோகும். வாடகையோடு சேர்த்து வாயையும் மாசாமாசம் கட்டுகிறோம்.

இந்த வாய் அடைப்பு எங்கே போய் முடிகிறது என்று பார்க்க வேண்டுமானால் ஐப்பசி, கார்த்திகையில் பார்க்க வேண்டும். வாடகை பாக்கியையும் பூசணத்தையும் வீட்டுக்காரர்கள் இரண்டு தனிக் குற்றமாக எழுதுகிறார்கள். இரண்டும் ஒரே மழையில் வருகிறவை. மழை இறங்கினால் சித்தாள் வேலை இல்லை, பெயிண்ட் வேலை இல்லை, சென்ட்ரிங் வேலை இல்லை. கூலி இல்லை என்றால் ஐந்தாம் தேதி வாடகை எங்கேயிருந்து வரும்? குப்பை அள்ளுகிற ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சம்பளம் என்றைக்கு வரும் என்று அவருக்கே தெரியாது, வாடகைத் தேதி மட்டும் தவறாமல் வரும். அதே மழைதான் சுவருக்குள்ளும் இறங்குகிறது. ஜெய்ஹிந்துபுரம், வில்லாபுரம், செல்லூர்ப் பக்கத்து வளவு வீடுகளைப் பாருங்கள். வீட்டோடு வீடு ஒட்டி, ஒரே ஒரு சன்னல். அஸ்திவாரத்தில் ஈரத்தைத் தடுக்க எதுவும் போடாததால் தரையிலிருந்து ஓதம் முழங்கால் உயரம் ஏறும். மாடி வீட்டுக் குளியலறைத் தண்ணி மேலேயிருந்து கசியும். உப்புப் பூத்துக் காரை பெயரும். அதன்மேல் ஒரு கோட்டிங் டிஸ்டம்பர் அடித்து ‘புது வீடு மாதிரி இருக்கு பாருங்க’ என்று வாடகைக்கு விட்டால், அடுத்த அடைமழையில் மூலையிலிருந்து கறுப்புப் புள்ளி கிளம்பும். 2024 அக்டோபர் கடைசியில் பெய்த மழையில் பந்தல்குடி வாய்க்கால் பெருகிச் செல்லூர்ப் பக்கத்துத் தெருக்களில் தண்ணீர் நின்றதே, அந்தச் சுவர்களைக் குடியிருந்தவனா நனைத்தான்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மொட்டை மாடி பூட்டியிருக்கும். சாவி வீட்டுக்காரம்மாவிடம். மாடியில் அவர்கள் வற்றல் போடுவார்கள், நம் துணி அந்தக் கொடியில் தொங்கக் கூடாது. எல்லாத் துணியையும் அறைக்குள்ளேயே காயப்போட வேண்டும். அந்த ஈரமெல்லாம் எங்கே போகும்? சுவருக்குத்தான் போகும். தீட்டு பார்த்து மாடியைப் பூட்டுகிறவர்களே கீழே வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு ‘வீட்டை எப்படி வச்சிருக்காக பாரு’ என்கிறார்கள். பூசணத்துக்கு வேண்டியது ஈரமும் காத்தோட்டமில்லாத மூலையும்தான். இந்த வளவுகளில் இரண்டையும் ஏற்பாடு பண்ணுவது சாதி. பிள்ளைக்கு இழுப்பு வந்து பெரியாஸ்பத்திரிக்குப் போனால், ஓதம் இல்லாத வீடாகப் பாருங்கள் என்கிறார் டாக்டர். ஓதம் இல்லாத வீட்டுக்காரர் ‘ஊருக்குள்ளயா, வெளியவா?’ என்கிறார்.

காலி பண்ணும்போது கணக்கு வரும். ‘மூணு மாச வாடகை நிக்குது. வீட்டையும் நாறடிச்சுட்டாக. வெள்ளையடிக்கணும், பூச்சு வேலை பாக்கணும், அட்வான்ஸ்ல எல்லாம் சரியாப் போச்சு.’ இந்த ‘நாறடிச்சுட்டாக’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சாதி இந்து குடியிருந்த வீட்டில் இதே ஓதம் ஏறினால், ‘கட்டடம் பழசுங்க, கொத்தனாரை வரச் சொல்றேன்.’ நம்ம வீட்டில் ஏறினால் அது நம்ம பொழக்கம். ஒரே சுவர், ஒரே பூசணம். அங்கே ரிப்பேர், இங்கே அசிங்கம். ஒத்திக்கு இருந்தால் இன்னும் மோசம். கந்துவட்டிக்கும் மகளிர் குழுக் கடனுக்கும் வாங்கி லட்சக்கணக்கில் கொடுத்த பணம், ‘அடுத்த ஆளு வந்து குடுத்தாத்தான்’ என்று மாசக்கணக்கில் நிற்கும். (கரண்டுக் கணக்கை இங்கே விரிக்கவில்லை. 2016இலிருந்து அரசு கொடுக்கிற 100 யூனிட் இலவச மின்சாரம், சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இத்தனை என்று வசூலிக்கிற எத்தனை வளவுகளில் குடியிருப்பவனுக்கு வந்து சேருகிறது?)

வீட்டுக்காரரும் கடன்பட்டவர்தானே, வாடகையை நம்பி வாழும் வயசான அம்மாதானே என்பார்கள். இருக்கட்டும். அப்படியானால் எழுதி வைப்போம். என்ன வாடகை, எவ்வளவு அட்வான்ஸ், உள்ளே நுழைந்த அன்றைக்குச் சுவர் எப்படி இருந்தது. எழுத மறுப்பது யார்?

தமிழ்நாட்டில் 1960ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2017இல் போட்ட புதுச் சட்டத்தை 2019 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதைத் துணை ஆட்சியர் தகுதியில் உள்ள வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது, கூடவே ‘ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொண்டால் தவிர’ என்று ஒரு ஓட்டையும் வைக்கிறது. தண்ணீரையும் மின்சாரத்தையும் வெட்டக் கூடாது என்கிறது. கட்டமைப்பு ரிப்பேரும் சுவருக்கு வெள்ளையடிப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பு என்று அட்டவணை போட்டே சொல்கிறது. ஆனால் எழுத்து ஒப்பந்தம் இல்லை என்பதே காலி பண்ணச் சொல்வதற்கும் ஒரு காரணமாகும். எழுதித் தர மறுத்தவருக்கே அந்த மறுப்பு ஆயுதம். சட்டம் முழுக்கத் தேடினாலும், சாதி பார்த்து வீடு மறுத்தால் என்ன என்பதற்கு ஒரு வரி கிடையாது. தமிழ்நாட்டில் வாடகைக்கு வீடு தேடுகிறவனுக்குச் சாதியே கிடையாது என்று நம்பி எழுதியிருக்கிறார்கள் போல.

அந்த வரி வேறு சட்டத்தில் இருக்கிறது, 1955இலிருந்து இருக்கிறது. குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 4. எந்தப் பகுதியிலும் குடியிருப்பைக் கட்டவோ வாங்கவோ குடியிருக்கவோ தீண்டாமையின் பேரால் தடுத்தால் ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. பாதிக்கப்பட்டவர் தாழ்த்தப்பட்டவர் என்றால், தீண்டாமையால்தான் அப்படிச் செய்தார் என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது எதிராளியின் பாடு என்கிறது பிரிவு 12. கையில் இருக்கிற ஆயுதம் இது. இதைத் தூக்கி ‘டூலெட்’ போர்டுக்கு முன்னால் நம் இயக்கங்கள் எத்தனை தடவை நின்றிருக்கின்றன? உத்தப்புரத்தில் 1989இல் எழும்பிய சுவர் 2008 மே 6ஆம் தேதி ஒரு பகுதி இடிபட்டபோது நாடே பார்த்தது. நகரத்துச் சுவருக்குள்ளே நாம் குடியிருக்கிறோம், வாடகையும் கொடுக்கிறோம், அதனால் அது கண்ணுக்குத் தெரியவில்லை. கிராமத்திலோ 2017ஆம் வருஷத்துச் சட்டமும் கிடையாது, அது நகர்ப்புறத்துக்கு மட்டும். பேரையூர்ப் பக்கமோ உசிலம்பட்டிப் பக்கமோ வேலை கிடைத்த நம் டீச்சரம்மா ஊருக்குள் வீடு கிடைக்காமல் தினம் பஸ் ஏறுகிறார். அங்கே 1955ஆம் வருஷத்துச் சட்டம்தான் துணை.

அரசே வீட்டுக்காரராக இருக்கும் இடத்தில் என்ன வாழுது? குடிசை மாற்று வாரியம் 2021இல் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றிக்கொண்டது. அதே வருஷம் சென்னைப் புளியந்தோப்பில் வாரியம் கட்டிய புத்தம்புது அடுக்குமாடியில் கையால் தொட்டாலே பூச்சு உதிர்ந்தது. டிசம்பர் 27ஆம் தேதி திருவொற்றியூரில் 24 வீடு கொண்ட வாரியக் கட்டடம் சரிந்தது. விரிசலைப் பார்த்துச் சனங்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர் தப்பியது. அங்கே யாருடைய பொழக்கத்தைக் குற்றம் சொல்வார்கள்?

கடைசியாக, நமக்குள் பேச வேண்டியது. நம்மாட்களிலும் வீடு கட்டி ஒரு போர்ஷனை வாடகைக்கு விடுகிறவர்கள் வந்துவிட்டார்கள், சந்தோஷம். அந்த வாசலில் ஒரு அருந்ததியர் குடும்பம் வந்து நின்றால் ‘நீங்க என்ன ஆளுக?’ என்ற கேள்வி வருகிறதா இல்லையா? வருகிறது. ‘நேத்தே வாக்குக் குடுத்துட்டோம்’ என்ற அதே பொய்யும் வருகிறது. இதைச் சொன்னால் ஒற்றுமை கெடும் என்பவர்கள், அந்தக் குடும்பத்திடம் போய் ஒற்றுமையைப் பற்றிப் பேசிப் பார்க்கட்டும்.

வாடகைச் சட்டத்திலேயே சாதி மறுப்பைக் குற்றமாக்கத் திருத்தம் கேட்க வேண்டும். முன்பணத்துக்கு வைத்த ஓட்டையை அடைக்கக் கேட்க வேண்டும். அதுவரைக்கும் புது வீட்டுக்குள் பாய் விரிக்கும் முன்னால் நாலு சுவரையும் போனில் படம் எடுத்து வையுங்கள். வாடகையைக் கையில் கொடுக்காமல் கணக்கில் போடுங்கள், வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடம் கட்டுங்கள். ஓதம் ஏறினால் எழுத்தில் சொல்லி நகல் வையுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம் நடக்கிறது. பட்டா மனுவோடு பூசணம் பிடித்த சுவரின் படமும் அங்கே போகட்டும், ஒற்றை ஆளாக இல்லாமல் வளவு வளவாக.