கெட்டி என்றால் பிடிப்பா?

பந்தயத் தடத்துக்குப் போகும் கனமான மோட்டார் சைக்கிளில் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் கையில் எடுக்க வேண்டியது அளவு நாடா. பின்சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும்படி வண்டியைத் தூக்கி நிறுத்தி, அச்சிலிருந்து அதற்கு நேர் மேலே சீட்டுக்குக் கீழ் உள்ள ஒரு குறி வரை அளக்க வேண்டும். பிறகு ஓட்டுபவர் ஹெல்மெட், தோல் உடை, பூட்ஸ் எல்லாம் அணிந்து, வளைவில் எப்படி அமர்வாரோ அப்படி அமர, மறுபடி அளக்க வேண்டும். உராய்வால் அளவு பொய் சொல்லும். அதனால் வண்டியைக் கொஞ்சம் அமுக்கி மெதுவாக விட்டு ஒரு முறை, கொஞ்சம் தூக்கி மெதுவாக விட்டு ஒரு முறை பார்த்து, இரண்டின் சராசரியை எடுப்பதே சரி. தொங்கும்போது இருந்த நீளத்திலிருந்து இந்தச் சராசரியைக் கழித்தால் கிடைப்பது இறக்கம். சக்கரம் மேலும் கீழும் போகக்கூடிய மொத்தத் தூரத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் அது நிற்க வேண்டும். ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடி 650-இல் அந்த மொத்தத் தூரம் முன்னால் 110 மில்லிமீட்டர், பின்னால் 88. ஆகவே பின்னால் 22 முதல் 29 மில்லிமீட்டர் வரை இறங்கினால் போதும்.

இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்காக இந்த வாரம் வடசென்னை ராயபுரத்துப் பட்டறை ஒன்றில் தயாரான ஒரு 650-இல் இந்த அளவு எடுக்கப்படவே இல்லை. பின் ஷாக் அப்சார்பர்கள் இரண்டிலும் ஸ்பிரிங்கை அமுக்கும் காலர்கள் கடைசிப் படி வரை ஏற்றப்பட்டிருந்தன. சொல்லப்பட்ட காரணம் ஒன்றே: "ட்ராக்குன்னா வண்டி கெட்டியா இருக்கணும்ண்ணா." 3.717 கிலோமீட்டர் நீளமும் 12 வளைவுகளும் கொண்ட அந்தத் தடத்தில் எந்த வளைவுக்கு என்ன மாற்றம் என்பதுதான் இந்த வாரத்துக்கு வைத்திருந்த பொருள். ஆனால் அந்தக் கடைசிப் படியைக் கண்ட பிறகு வளைவுகளைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. ஓட்டுபவரின் உயிர் இரண்டு டயர்களின் பிடிப்பில் இருக்கிறது. அந்தப் பிடிப்பைக் குறைக்கும் வேலையைப் பந்தயத் தயாரிப்பு என்று செய்து காசு வாங்குவது வேதனையானது.

காலரைத் திருப்பி ப்ரீலோடை, அதாவது சுமை வரும் முன்பே ஸ்பிரிங் அமுங்கியிருக்கும் அளவை, ஏற்றினால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும் என்பது வடசென்னையில் மட்டுமல்ல, நாடு முழுக்க வேரூன்றிய நம்பிக்கை. ஸ்பிரிங்கின் கடினம் அதன் கம்பியின் தடிமனிலும் சுருளின் விட்டத்திலும் சுற்றுகளின் எண்ணிக்கையிலும் இருக்கிறது. காலரைத் திருப்புவதால் இவற்றில் ஒன்றும் மாறாது. ஒரு மில்லிமீட்டர் அமுங்க 10 கிலோ கேட்கும் ஸ்பிரிங் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பொருத்தும்போதே 10 மில்லிமீட்டர் அமுக்கி வைத்தால் அது 100 கிலோ விசையோடு காத்திருக்கும். அதன் மேல் 300 கிலோ வந்தால் இன்னும் 20 மில்லிமீட்டர் இறங்கும். ப்ரீலோடை 15 மில்லிமீட்டராக ஏற்றினால் அதே 300 கிலோவுக்கு 15 மில்லிமீட்டர்தான் இறங்கும். இப்போது இரண்டிலும் கூடுதலாக 50 கிலோ வைத்தால்? இரண்டும் அதே 5 மில்லிமீட்டர்தான் இறங்கும். மாறியது வண்டி நிற்கும் உயரம். மேட்டில் ஏறும்போது ஸ்பிரிங் தரும் எதிர்ப்பு மாறவில்லை.

கை வைத்து அமுக்கிப் பார்ப்பவருக்கு அது கெட்டியாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. கை தரும் விசை ப்ரீலோட் விசையைத் தாண்டாத வரை ஸ்பிரிங் அசையவே அசையாது. தடத்தில் இதன் விளைவு மோசமானது. இறக்கம் குறைந்த பின்சக்கரத்துக்குக் கீழே போக இடம் இல்லை. நேர்கோட்டின் முடிவில் பலமாக பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் பாய்ந்து வண்டியின் பின்பக்கம் எழுகிறது. அப்போது சக்கரம் கீழே நீண்டு தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நீள இடமில்லாவிட்டால் அது தரையை விட்டுத் துள்ளும், பக்கவாட்டில் நழுவும். பின்பக்கம் உயர்வதால் முன் ஃபோர்க் நிமிர்ந்து, ஹேண்டில் படபடப்பாகவும் ஆகிறது. 200 கிலோவைத் தாண்டிய வண்டியில் இவையெல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால் திருத்திக்கொள்ள நேரம் இருக்காது.

உண்மையிலேயே ஸ்பிரிங் போதவில்லையா என்பதைக் கண்டறிய வழி உண்டு. ஓட்டுபவர் ஏறிய நிலையில் இறக்கத்தைச் சரியாக அமைத்துவிட்டு, அவரை இறக்கிவிட்டு வண்டியின் சொந்த எடைக்கான இறக்கத்தைப் பார்க்க வேண்டும். வண்டி கொஞ்சமும் இறங்காமல் உச்சத்திலேயே முட்டிக்கொண்டு நின்றால் ஸ்பிரிங் மெலிந்தது. அளவுக்கு மேல் ப்ரீலோட் கொடுத்துத்தான் அதைச் சமாளித்திருக்கிறோம். சொந்த எடையிலேயே மிக அதிகமாக இறங்கினால் ஸ்பிரிங் தேவைக்கு மேல் கடினம். இரண்டுக்கும் தீர்வு வேறு ஸ்பிரிங்.

சுமைக்கு மேல் கடினமான ஸ்பிரிங் என்ன செய்யும் என்பதை எண்ணூர் விரைவுச்சாலையில் தினமும் போகிறவர்களுக்கு விளக்கவே வேண்டாம். துறைமுகத்தில் பெட்டியை இறக்கிவிட்டுத் திரும்பும் காலி டிரெய்லர் ஒவ்வொரு பள்ளத்திலும் தடதடவென்று எகிறுகிறது. அதன் பின்சக்கரங்கள் சாலையைத் தொடுவதும் விடுவதுமாக வருகின்றன. அதே டிரெய்லர் கன்டெய்னரோடு போகும்போது அமைதியாகப் படிந்து போகிறது. பல டன் சுமைக்காகச் செய்த ஸ்பிரிங், சுமை இல்லாதபோது ஸ்பிரிங்காகவே வேலை செய்வதில்லை.

கெட்டியான பின்பக்கமே பிடிப்புத் தரும் என்ற எண்ணம் தோற்றுப்போய் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதைத் தோற்கடித்த வண்டியோ பின்னாளில் திருவொற்றியூருக்குச் சொந்தமானது. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் இங்கிலாந்தின் டிரையல்ஸ் போட்டிகளில், அதாவது சேற்றிலும் பாறையிலும் கால் ஊன்றாமல் ஓட்டும் போட்டிகளில், பின்னால் ஸ்பிரிங்கே இல்லாத வண்டிகள்தான் ஓடின. பின்சக்கரம் சட்டத்தோடு இறுகி இருந்தால்தான் மண்ணைக் கவ்வும் என்பது அனுபவசாலிகளின் துணிபு. 1948 பிப்ரவரியில் கோல்மோர் கோப்பைப் போட்டிக்கு ராயல் என்ஃபீல்டு புதிய 350 சிசி புல்லட்டின் முன்மாதிரிகளைக் கொண்டுவந்தது. அவற்றில் பின்சக்கரம் ஸ்விங் ஆர்மில் ஏறி இறங்கியது. இருபுறமும் எண்ணெய் டேம்பிங், அதாவது துள்ளலை அடக்கும் தடை, கொண்ட ஷாக் அப்சார்பர்கள். அதே ஆண்டு இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் வென்ற பிரிட்டிஷ் அணியில் புல்லட்டும் இருந்தது. 1952-இல் ஜானி பிரிட்டன் புல்லட்டில் ஸ்காட்டிஷ் ஆறு நாள் டிரையலையே வென்றார். பின்னர் டிரையல்ஸ் உலகம் முழுவதும் ஸ்பிரிங்குக்கு மாறியது. சக்கரம் அசைந்து கொடுத்தால்தான் டயர் தரையை விடாது என்பதே அதற்குக் காரணம்.

அந்த ஸ்விங் ஆர்ம் புல்லட்தான் இந்தியாவுக்கு வந்தது. ராணுவத்துக்காக மெட்ராஸ் மோட்டார்ஸ் அதை வாங்கியது. 1955-இல் அந்த நிறுவனமும் இங்கிலாந்தின் ரெடிட்ச் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் ஆலை 1956-இல் திறக்கப்பட்டது. இங்கிலாந்திலிருந்து பாகங்களாக வந்த புல்லட்டுகள் அங்கே கோக்கப்பட்டன. அந்த ஆண்டு முடிவதற்குள் 163 வண்டிகள் வெளிவந்தன. பிறகு பாகங்களும் இங்கேயே வார்க்கப்பட்டன, கடையப்பட்டன. நிறுவனத்தின் பெரிய ஆலைகள் இப்போது ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் இருந்தாலும், புல்லட்டின் பின் ஷாக்கைக் கழற்றி மாட்டிக் கை பழகியவர்கள் திருவொற்றியூர் ஹை ரோட்டின் இருபக்கத் தெருக்களில் தலைமுறைகளாக இருக்கிறார்கள். 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வருவதற்கு முன் சோழவரத்தின் போர்க்காலத்து ஓடுபாதையில்தான் சென்னையின் பந்தயங்கள் நடந்தன. அதுவும் இந்தப் பகுதிக்கு எட்டும் தூரம்தான். இவ்வளவு நெருங்கிய உறவுள்ள ஊரில் 1948-க்கு முந்தைய நம்பிக்கை பந்தய வண்டியில் திரும்பி வருவதை ஏற்க முடியவில்லை.

மறுபடி பட்டறைக்கு வருவோம். ஜிடி 650-இல் காலரைத் தவிர திருப்ப வேறு திருகு இல்லை. பின்னால் இறக்கம் சரியான பிறகு பார்க்க வேண்டியது முன்பக்கம். முன் ஃபோர்க்கில் ஒரு கேபிள் டையைக் கட்டி ஓட்டினால், அதிகபட்ச பிரேக்கில் ஃபோர்க் எவ்வளவு அமுங்கியது என்று தெரியும். அடிவரை முட்டியிருந்தால், இறக்கம் சரியாக இருக்கும் நிலையில், ஃபோர்க் எண்ணெயின் மட்டத்தைச் சில மில்லிமீட்டர் உயர்த்தலாம். எண்ணெய்க்கு மேலுள்ள காற்று கடைசிப் பகுதியில் கூடுதல் ஸ்பிரிங்காக உதவும். அதுவும் போதாவிட்டால் ஓட்டுபவரின் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங் வேண்டும். டேம்பிங் திருகுகள் உள்ள ஷாக் பொருத்தியிருந்தால் அங்கேயும் இதே தவறு காத்திருக்கிறது. ரீபவுண்டை, அதாவது அமுங்கிய ஷாக் திரும்ப நீளும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகை, அளவுக்கு மேல் மூடினால், ஒரு மேட்டில் அமுங்கிய ஷாக் அடுத்த மேடு வருவதற்குள் நீள முடியாது. சில மேடுகள் கடந்ததும் சுருங்கியே கிடக்கும். ஓட்டுபவர் அதையும் கெட்டி என்றே உணர்ந்து பாராட்டுவார். சந்தேகம் வந்தால் இரண்டு கிளிக் திறந்துவிட்டு, வேறெதையும் மாற்றாமல், அதே வளைவை மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.