வியேரியை யார் வாங்கினார்கள்?

என் சகலை ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார். இரண்டு நிமிடம்கூட ஓடாது. 2002 உலகக் கோப்பை, தென் கொரியா – இத்தாலி ஆட்டம். பேய்ப்பட இசை, ரத்தச் சிவப்பில் தலைப்பு: ‘காசு கொடுத்து வாங்கிய அரையிறுதி’. டொட்டிக்குச் சிவப்பு அட்டை, டொமாசியின் கோலுக்கு ஆஃப்சைடு கொடி, ஈக்வடார் நடுவர் பைரன் மொரேனோவின் முறைப்பு, அவ்வளவுதான் படம். கீழே சகலையின் கைவண்ணம்: “இப்பவாவது தெரியுதா சகலை, ஃபுட்பால்ல என்ன நடக்குதுன்னு?”

தெரியுது. ஊரில் எல்லாருக்குமே தெரிந்திருக்கிறது. பெரிய அணி சின்ன அணியிடம் தோற்றால் நடுவரை வாங்கிவிட்டார்கள். பெரிய அணி பெரிய அணியிடம் தோற்றால் ஆஹா, என்ன ஆட்டம்! சின்ன அணி பெரிய அணியிடம் தோற்றால் அது செய்தியே இல்லை. இந்த மூன்று சூத்திரங்களை மனப்பாடம் செய்துவிட்டால் போதும், உலகக் கோப்பை முழுவதையும் ஆட்டம் பார்க்காமலே விமர்சித்துவிடலாம். பலரும் அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.

அந்த வீடியோவில் இல்லாத ஒரு காட்சியைச் சொல்கிறேன். 2002 ஜூன் 18, டேஜோன் நகரம். 88ஆவது நிமிடம் வரை இத்தாலி 1-0 என்று முன்னிலை. பனுச்சி ஒரு பந்தைச் சரியாக வெளியேற்றாமல் சொதப்ப, சியோல் கி-ஹியோன் அதை வலைக்குள் தள்ளிச் சமன் செய்கிறார். அடுத்த ஓரிரு நிமிடத்தில் பந்து மறுமுனைக்குப் போகிறது. கோலுக்குச் சில அடி தூரத்தில், பக்கத்தில் யாரும் இல்லாமல், அன்றைய உலகின் விலை உயர்ந்த முன்கள ஆட்டக்காரர்களில் ஒருவரான கிறிஸ்டியன் வியேரி நிற்கிறார். பந்து தேடிவந்து அவர் காலில் விழுகிறது. உதைக்கிறார். பந்து கம்பத்துக்கு மேலே போகிறது.

கொடி இல்லை. விசில் இல்லை. ஈக்வடார்காரர் யாரும் குறுக்கே வரவில்லை. அந்தப் பந்து உள்ளே போயிருந்தால் 2-1, ஆட்டம் முடிந்தது, கூடுதல் நேரமே கிடையாது. டொட்டி வெளியேற வேண்டியதில்லை, டொமாசியின் கோல் பற்றி இன்றுவரை அழ வேண்டியதில்லை. மொரேனோ என்ற பெயரே நமக்குத் தெரிந்திருக்காது. சரி, மொரேனோவைக் கொரியர்கள் வாங்கினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். வியேரியை யார் வாங்கினார்கள்?

பயிற்சியாளர் ட்ராப்பட்டோனியையும் யாரோ வாங்கியிருக்க வேண்டும். ஒரு கோல் முன்னிலையில் இருக்கும்போது, 61ஆவது நிமிடத்தில், டெல் பியெரோவை வெளியே கூப்பிட்டுக் கட்டுஸோவை உள்ளே அனுப்பினார். கதவைச் சாத்திவிட்டுக் கடிகாரம் பார்க்கும் இத்தாலிய வைத்தியம். எதிர்ப்பக்கம் கூஸ் ஹிடிங்க் என்ன செய்தார்? தற்காப்பை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கிம் டே-யங், கிம் நாம்-இல், கடைசியில் அணித்தலைவர் ஹாங் மியுங்-போ வெளியே. ஹ்வாங் சன்-ஹாங், லீ சுன்-சூ, சா டு-ரி உள்ளே. மூவரும் முன்கள ஆட்டக்காரர்கள். தோற்றால் நாடே காறித் துப்பும் என்று தெரிந்து செய்த சூதாட்டம். நடுவரை வாங்கி வைத்திருப்பவர் எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும்? பேசாமல் உட்கார்ந்து தேநீர் குடித்திருக்கலாமே.

வாங்கப்பட்ட நடுவர் ஐந்தாவது நிமிடத்திலேயே கொரியாவுக்குப் பெனால்டியும் கொடுத்தார். ஆன் ஜுங்-ஹுவான் உதைத்ததைப் புஃபோன் பாய்ந்து தடுத்தார். காசும் கொடுத்து, பெனால்டியும் வாங்கி, அதையும் வீணாக்கிய உலகின் முதல் சதிகாரர்கள் கொரியர்கள்தான். கிம் டே-யங்குக்கு மூக்கு உடைந்ததும் இதே ஆட்டத்தில், இதே வியேரியோடு மோதி. அடுத்த ஆட்டங்களில் முகமூடி மாட்டிக்கொண்டு ஆடினார் மனிதர். அதற்காக மொரேனோ வியேரிக்கு அட்டை காட்டவில்லை. இதை எந்த வீடியோவில் போடுவார்கள்?

டொமாசிக்கு எதிராகத் தூக்கிய கொடி தவறு. டொட்டிக்கு இரண்டாவது மஞ்சள் அட்டை கொடுத்தது அவசரம். சரி, போகட்டும். ஆனால் முதல் மஞ்சள் அட்டையை முதல் பாதியிலேயே வாங்கிவைத்தது டொட்டி. 117ஆவது நிமிடத்தில், ஆட்டத்தை அத்தோடு முடித்துவைத்த கோல்டன் கோல் விழுந்தபோது, லீ யங்-பியோ அனுப்பிய பந்துக்கு ஆன் எழும்ப, பக்கத்தில் எழும்பி எட்ட முடியாமல் போனவர் மால்டினி. உலகமே தலைசிறந்த டிஃபெண்டர் என்று கொண்டாடியவர். அவரையும் வாங்கிவிட்டார்களா? வியேரிக்கும் அவருக்கும் சேர்த்து ஒரே பில்லா?

இங்கே சகலை துருப்புச்சீட்டை இறக்குவார்: மொரேனோ பிற்பாடு ஹெராயினோடு பிடிபட்டார் அல்லவா! ஆமாம், பிடிபட்டார். 2010இல், நியூயார்க் விமான நிலையத்தில், உடம்பில் பொட்டலங்களைக் கட்டிக்கொண்டு. அதற்கும் எட்டு வருடத்துக்கு முந்தைய ஆட்டத்துக்கும் என்ன முடிச்சு? ஒரு நாட்டின் கருவூலத்தையே திறந்துவிட்டு வாங்கப்பட்டவர், உடம்பில் பொட்டலம் கட்டிப் பிழைக்கும் நிலைக்கு ஏன் வந்தார் என்று யாரும் யோசிப்பதில்லை. பணம் கொடுத்ததாகச் சொல்கிறீர்கள், பணம் எங்கே?

நடத்தும் நாட்டுக்குச் சலுகை என்பது அடுத்த பாட்டு. அந்தக் கோப்பையை நடத்தியவை இரண்டு நாடுகள். இன்னொன்றான ஜப்பான் அதே ஜூன் 18 அன்று, அதே சுற்றில், துருக்கியிடம் 0-1 என்று தோற்று வெளியேறியது. டோக்கியோவில் அன்று பணத் தட்டுப்பாடு போலிருக்கிறது.

கொரியா எப்படி வந்தது என்பதைப் பார்க்க எவருக்கும் பொறுமை இல்லை. 2001இல் பிரான்ஸிடம் 0-5, செக் குடியரசிடம் 0-5. ஹிடிங்குக்கு உள்ளூரில் ‘ஐந்துக்குப் பூஜ்யம்’ என்றே பட்டப்பெயர் விழுந்தது. அந்த ஆள் மாதக்கணக்கில் முகாம் போட்டு, ஓடவைத்து, மூத்தவர் இளையவர் என்று வயது வரிசையில் சாப்பிட உட்காரும் வழக்கத்தைக் கலைத்து, ஒரு அணியைத் திரட்டினார். 2002 மே மாதத்தில் அந்த அணி ஸ்காட்லாந்தை 4-1 என்று வென்றது, இங்கிலாந்தோடு 1-1 என்று சமன் செய்தது, உலகச் சாம்பியன் பிரான்ஸிடம் 2-3 என்று கடைசிவரை மல்லுக்கட்டித் தோற்றது. உலகக் கோப்பை தொடங்குவதற்கு முன்பே கண் உள்ளவனுக்குத் தெரிந்திருக்கும். உழைப்பைப் பார்க்க மூன்று மாதம் வேண்டும், சதியைப் பார்க்க இரண்டு நிமிட வீடியோ போதும். எது சுலபம்?

காலிறுதி பற்றியும் ஒரு வார்த்தை, ஸ்பெயின்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். மொரியெண்டஸின் கோல் செல்லாமல் போனதற்குக் காரணம், பந்து முன்பே கோட்டைத் தாண்டிவிட்டது என்ற கொடி. அந்தக் கொடி பொய்க் கொடிதான். ஆனால் 120 நிமிடம் ஆடிவிட்டுப் பெனால்டிக்குப் போனவர்கள் அங்கே 3-5 என்று தோற்றார்கள். ஹோவாகினின் உதையைப் பிடித்தது லீ வூன்-ஜே, லைன்ஸ்மேன் அல்ல. அரையிறுதியில் ஜெர்மனியின் பல்லாக் ஒரே ஒரு கோல் அடித்தார், கொரியா வெளியேறியது. அன்றைக்குச் சதிகாரர்கள் விடுமுறையில் இருந்தார்கள்.

வீடியோ நடுவர் வந்தால் இந்தப் பேச்சு ஓயும் என்று நம்பியவன் நான். 2018, கசான். ஜெர்மனிக்கு எதிராகக் கூடுதல் நிமிடங்களில் கிம் யங்-குவோன் அடித்த கோலுக்கு முதலில் ஆஃப்சைடு கொடி. வீடியோவைப் பார்த்தார்கள், பந்து வந்தது ஜெர்மனியின் க்ரூஸ் காலிலிருந்து, கோல் செல்லும். கடைசியில் 2-0, உலகச் சாம்பியன் குழுவில் கடைசி இடம். கொடி தப்பாக விழுந்தால் சதி, கொடியைத் திருத்தினாலும் சதி. 2022இல் இன்னும் விசேஷம். சவூதி அரேபியாவுக்கு எதிராக அர்ஜென்டினாவின் மூன்று கோல்கள் முதல் பாதியில் ஆஃப்சைடு ஆகி, 1-2 என்று தோற்றபோது தொழில்நுட்பத்தை மெஸ்ஸிக்கு எதிராக யாரோ வாங்கிவிட்டார்கள். அதே அர்ஜென்டினா கோப்பையைத் தூக்கியபோது அதே தொழில்நுட்பத்தை மெஸ்ஸிக்காக யாரோ வாங்கிவிட்டார்கள். நாலு வாரத்துக்குள் இரண்டு விற்பனை. ரியல் எஸ்டேட்டில்கூட இந்த வேகம் கிடையாது.

வர்ணனையாளர்களையும் சும்மா விடக் கூடாது. ஐரோப்பிய அணி பந்தைத் தராமல் சுற்றினால் ‘அறிவு’, ‘நிதானம்’. ஆசிய அணி அதையே செய்தால் ‘சளைக்காத ஓட்டம்’. அவர்களுக்குக் கால் மட்டும்தான், தலை கிடையாது. அந்த அணி ஜெயித்தால் ‘அதிர்ச்சி’. யாருக்கு அதிர்ச்சி? ஜெயித்தவனுக்கு இல்லையே.

1966இல் மிடில்ஸ்பரோவில் வட கொரியாவின் பாக் டூ-இக் ஒரு கோல் அடித்து இத்தாலியை ஊருக்கு அனுப்பினார். ஜெனோவா விமான நிலையத்தில் ரசிகர்கள் தக்காளியோடு காத்திருந்து தங்கள் ஆட்டக்காரர்கள் மேலேயே எறிந்தார்கள். அது நேர்மையான கோபம். 2002இல் தக்காளி மொரேனோ பக்கம் திரும்பிவிட்டது. அது மட்டுமா? இத்தாலியின் பெருஜியா கிளப்பில் ஆடிக்கொண்டிருந்த ஆன், கோல் அடித்த குற்றத்துக்காக, கிளப் முதலாளி கௌச்சியால் இனி இங்கே வேலையில்லை என்று அறிவிக்கப்பட்டார். வியேரியை யாரும் எந்தக் கிளப்பிலிருந்தும் துரத்தவில்லை.

அந்த இத்தாலியே 2006 உலகக் கோப்பையில், காலிறுதிக்கு முந்தைய சுற்றில், பத்துப் பேரோடு ஆஸ்திரேலியாவிடம் திணறிக்கொண்டிருந்தது. 0-0. கூடுதல் நிமிடங்களும் முடியும் தறுவாயில் க்ரோஸ்ஸோ பெட்டிக்குள் புகுந்து, தரையில் கிடந்த லூகஸ் நீல் மேல் இடறி விழுந்தார். விசில், பெனால்டி. உதைத்தது டொட்டி. இத்தாலி அப்படியே போய்க் கோப்பையையும் தூக்கியது. உள்நாட்டு லீகில் எந்த ஆட்டத்துக்கு எந்த நடுவர் என்பதைத் தொலைபேசியில் பேசி முடித்த விவகாரம் அம்பலமாகி, யுவெண்டஸ் பட்டங்களை இழந்து இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கப்பட்டதும் அதே 2006 கோடையில்தான். அந்தப் பெனால்டியால் வெளியேறிய ஆஸ்திரேலியாவின் பயிற்சியாளர் யார் தெரியுமா? இதே கூஸ் ஹிடிங்க். அந்த வெற்றிக்கு ‘காசு கொடுத்து வாங்கிய கோப்பை’ என்று ஒரு வீடியோகூட எனக்கு இதுவரை வந்ததில்லை.