கலைக்கு அடையாள அட்டை உண்டா?



அண்மையில் ஒரு பெற்றோர் கூட்டத்தில் பள்ளியின் பரதநாட்டிய வகுப்பைப் பற்றிய பேச்சு எழுந்தது. பன்னிரண்டு மாணவியர் பயிலும் அவ்வகுப்பில் ஒருத்தி சீன மாணவி. முதலாம் ஆண்டிலிருந்தே தமிழ்ப்பள்ளியில் நம் பிள்ளைகளோடு படித்து வருபவள். ஆசிரியர் தின விழாவில் அவளை முன்வரிசையில் ஆட வைக்கப் போவதாக நடன ஆசிரியை கூறியதும் ஒரு தந்தையார் எழுந்தார். "நம் கலையில் நம் பிள்ளைகளுக்குத்தானே முதலிடம்? மற்ற இனத்தாருக்கு எதற்கு?" என்றார். சிலர் தலையசைத்தனர். நானோ வாய் திறவாமல் அமர்ந்திருந்தேன். அந்த மௌனம் இன்றுவரை என்னை உறுத்துகிறது. ஆகவே எழுதுகிறேன்.

ஐயா, உங்கள் மகள் அவ்வகுப்பில் இல்லை. சென்ற ஆண்டே நிறுத்திவிட்டீர்கள். பிரத்தியேக வகுப்புக்கு நேரம் போதவில்லை என்பது நீங்கள் சொன்ன காரணம். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் நம் மனத்திலிருந்து அது இன்னும் நீங்கவில்லை! நம் பிள்ளை விட்டுச்சென்ற இடத்தில் வேறொரு பிள்ளை நின்று ஆடினால் அது பறிப்பா, காப்பா?

கலை பிறப்பால் வருவதன்று, பயிற்சியால் வருவது. சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. நம் நாட்டின் இரம்லி இப்ராஹிம் மலாய்க்காரர். அடையாறு கே. இலட்சுமணனிடம் பரதமும் குரு தேவபிரசாத் தாசிடம் ஒடிசியும் பயின்றவர். சூத்ரா நடனக் குழுவைத் தோற்றுவித்துப் பல இன மாணவர்களை உருவாக்கினார். இந்திய அரசு 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. அமெரிக்கரான ஜான் ஹிக்கின்ஸ் தி. ரங்கநாதன், தி. விசுவநாதன் சகோதரர்களிடம் கருநாடக இசை கற்றார். 1984-இல் அவர் மறையும்வரை இரசிகர்கள் அவரை 'ஹிக்கின்ஸ் பாகவதர்' என்றே அழைத்தனர். திருவரங்கத்தில் வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானா இஸ்லாமியர்; தாய்மொழியும் தமிழன்று. தஞ்சைப் பாணி நாகசுரத்தைத் தேடிவந்து கற்ற அவருக்குச் சென்னை மியூசிக் அகாதெமி 1998-இல் சங்கீத கலாநிதி விருதளித்துப் பெருமை கொண்டது. இவர்களால் நம் கலை தேய்ந்ததா, வளர்ந்ததா?

நாமும் வாங்கியவர்கள்தாம். இன்று வயலின் இல்லாத கருநாடகக் கச்சேரியைக் கேட்பது அரிது. அக்கருவி ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் பாலுசாமி தீட்சிதர் அதை நம் இசைக்குப் பழக்கினார். அதே வயலினில் இன்று மாஸ்கோவின் இளைஞர்கள் அயர்லாந்து நாட்டுப்புற நடன இசையை வாசிக்கிறார்கள். அவர்களுடைய பாட்டன்மார் எவரும் அயர்லாந்தைக் கண்டதில்லை. அதனால் அவ்விசை அயர்லாந்துக்காரர்களை விட்டு ஓடிவிட்டதா? இல்லையே!

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை நான் மதிக்கிறேன். "பிறர் அடவுகளைக் கற்கலாம். பாட்டின் பொருளும் பக்தியும் தெரியாமல் ஆடினால் கலை வெறுங்கூடாகிவிடாதா?" என்று ஒரு தாயார் கேட்டார். நியாயமான அச்சம். ஆனால் அதே கேள்வியை நம் பிள்ளைகளிடமும் கேட்க வேண்டும். தாம் ஆடும் பதத்தின் பொருளை எத்தனை தமிழ்ப் பிள்ளைகளால் சொல்ல முடியும்? நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன், விழித்தார்கள். அந்தச் சீன மாணவியோ பாடலைத் தாளில் எழுதிவந்து, அருஞ்சொற்களின் கீழ்க் கோடிட்டு என்னிடம் பொருள் கேட்டாள். வெறுங்கூடு யாரிடம் இருக்கிறது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "அட, சீனப் பிள்ளை என்னமாய் ஆடுகிறது!" என்று வியப்பதும் அந்தத் தந்தையாரின் கேள்விக்கு உடன்பிறப்புத்தான். ஒருவர் விரட்டுகிறார், மற்றவர் வேடிக்கை பார்க்கிறார். இருவருமே அவளை விருந்தாளியாகத்தான் காண்கிறார்கள். அவளுக்குத் தேவை வியப்பன்று. அரைமண்டி சரிந்தால் மற்றவர்களைத் திருத்துவதுபோல் அவளையும் திருத்தும் ஓர் ஆசிரியை.

நம் ஜொகூர் பாருவையே பாருங்கள். சீனச் சமூகத்தார் 1988-இல் இங்கேதான் 24 பருவ முரசு என்னும் கலையை உருவாக்கினர். சீனப் பஞ்சாங்கத்தின் 24 பருவங்களுக்கு ஒவ்வொரு முரசு. பழைய முரசைப் பள்ளி மாணவர்களின் கையில் கொடுத்தார்கள். அது நாடெங்கும் பரவியது, கடல் கடந்தும் சென்றது. 2009-இல் தேசிய மரபுடைமையாக அறிவிக்கப்பட்டது. வேலி போட்டா அதை வளர்த்தார்கள்? பிள்ளைகளை அன்றாடம் பயிற்சிக்கு அனுப்பி வளர்த்தார்கள்.

ஆகவே பெற்றோர்களே, கலையைக் காக்க விரும்பினால் வாரத்தில் ஒரு மணி நேரம் உங்கள் பிள்ளையை அனுப்புங்கள். ஆசிரியர்களே, ஆடும் பாடலின் பொருளைத் தமிழ்ப் பாடவேளையில் பத்து நிமிடம் விளக்குங்கள். அது நம் கடமை. முன்வரிசை யாருக்கு என்பதைப் பயிற்சி முடிவு செய்யட்டும். உங்கள் மகள் அங்கு நிற்க வேண்டுமானால் வழி திறந்தே இருக்கிறது, ஐயா. வகுப்பு புதன்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்கு.

சிந்திப்போம். செயல்படுவோம்.