கடலூரின் வருமானம் யார் வீட்டு வருமானம்?

"நாட்டின் வளர்ச்சி இத்தனை சதவீதம்" என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேப்பரில் வருகிறது. "இந்த மாவட்டத்தின் தனிநபர் வருமானம் இத்தனை ரூபாய்" என்றும் அவ்வப்போது வருகிறது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் அதை மனப்பாடம் செய்கிறார்கள். அரசியல்வாதிகள் மேடையில் முழங்குகிறார்கள். ஆனால் அந்த எண் எங்கே பிறக்கிறது, யார் எண்ணுகிறார்கள் என்று கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. கடலூர் மாவட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும்.

முதலில் கொஞ்சம் வரலாறு. சுதந்திரம் கிடைத்த கையோடு, 1949-ல், தேசிய வருமானத்தைக் கணக்கிட ஒரு குழு அமைக்கப்பட்டது. தலைவர் மகலனோபிஸ். உறுப்பினர்கள் காட்கில், வி.கே.ஆர்.வி. ராவ். 1950-ல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது, 1951-ல் மத்திய புள்ளியியல் அமைப்பு வந்தது. 2019-ல் இரண்டையும் சேர்த்து தேசிய புள்ளியியல் அலுவலகம் ஆக்கினார்கள். தமிழ்நாட்டு அளவில் இந்த வேலையைச் செய்வது மாநில அரசின் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை. மாவட்டக் கணக்கைப் போடுவதும் அவர்கள்தான்.

சரி, சிதம்பரம் பக்கத்தில் ஒரு சம்பா வயலுக்குப் போவோம். எந்த சர்வே நம்பரில் என்ன பயிர் என்பதை வி.ஏ.ஓ. அடங்கலில் எழுதுகிறார். பரப்பளவு அங்கிருந்து கிடைக்கிறது. விளைச்சலுக்கு பயிர் அறுவடைப் பரிசோதனை. கிராமம், வயல், வயலுக்குள் இடம் எல்லாமே குலுக்கல் முறையில்தான் தேர்வு. 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் இருப்பதை அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். 25 சதுர மீட்டர் என்பது ஒரு ஹெக்டேரில் 400-ல் ஒரு பங்கு. அங்கே 12 கிலோ நெல் வந்தால் ஹெக்டேருக்கு 4,800 கிலோ. எடை போடுவதில் ஒரே ஒரு கிலோ பிசகினால் ஹெக்டேருக்கு 400 கிலோ பிசகும்!

இது வெறும் புள்ளிவிவரம் இல்லை. 2016-ல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஒரு கிராமத்தின் சராசரி விளைச்சல் நிர்ணயித்த அளவுக்குக் கீழே போனால் இழப்பீடு. அந்தச் சராசரி வருவது இதே சோதனை அறுவடையிலிருந்து. தன் வயல் முழுக்க மூழ்கிப்போன விவசாயிக்கு ஏன் பணம் வரவில்லை என்ற சண்டைக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கயிறுதான் இருக்கிறது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நெல் கணக்கு உண்மையில் அளந்த கணக்கு. யாரோ ஒருவர் சேற்றில் இறங்கி எடை போட்டிருக்கிறார். மற்றவை எல்லாம் அப்படியா?

சிதம்பரம் கீழ வீதியில் பூக்கட்டி விற்பவர், ஆருத்ரா தரிசனத்துக்குக் கடை போடுபவர், ஆட்டோ ஓட்டுபவர் இவர்களின் கணக்குப் புத்தகத்தை யாரும் பார்ப்பதில்லை. அவர்களிடம் கணக்குப் புத்தகமே கிடையாது. அதனால் ஒரு தொழிலாளி சராசரியாக எவ்வளவு மதிப்பை உண்டாக்குகிறார் என்பதை ஆய்விலிருந்து எடுத்து, அந்தத் தொழிலில் எத்தனை பேர் என்பதால் பெருக்குகிறார்கள். வங்கி, ரயில்வே போன்றவற்றை ஒரு மாநிலத்துக்குள் அடக்க முடியாது என்பதால் டெல்லியே கணக்குப் போட்டு மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. மாநிலத்துக்கு வந்ததை மாவட்டங்களுக்கு மறுபடி பங்கிடுகிறார்கள். ஆக, "கடலூர் மாவட்டத்தின் உற்பத்தி" என்ற ஒரே எண்ணுக்குள் அளந்ததும் இருக்கிறது, பங்கிட்டதும் இருக்கிறது. வெளியே பார்க்கிறவருக்கு எது எது என்று தெரியாது.

தனிநபர் கணக்கு என்றால் மக்கள்தொகையால் வகுக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் கடலூர் மாவட்டத்தில் சுமார் 26 லட்சம் பேர். 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், இடைப்பட்ட ஆண்டுகளுக்கு உத்தேச மக்கள்தொகைதான். மேலே இருக்கும் எண்ணில் பாதி மதிப்பீடு, கீழே இருக்கும் எண்ணும் மதிப்பீடு!

இதைவிடப் பெரிய சிக்கல் அந்தப் பெயரில் இருக்கிறது. "தனிநபர் வருமானம்" என்கிறார்கள். ஆனால் கணக்கிடுவது அந்த மாவட்டத்து எல்லைக்குள் உற்பத்தியான மதிப்பை. அது அங்கே வாழ்கிறவர்களின் கைக்கு வந்ததா என்பது வேறு கேள்வி.

நெய்வேலியைப் பாருங்கள். என்.எல்.சி. தோண்டும் நிலக்கரியும், உண்டாக்கும் மின்சாரமும் கடலூர் மாவட்டக் கணக்கில் ஏறுகின்றன. மின்சாரம் பல தென்மாநிலங்களுக்குப் போகிறது. லாபத்தின் பெரும்பங்கு பெரும்பான்மைப் பங்குதாரரான மத்திய அரசுக்குப் போகிறது. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் குடும்பமும் அதே சராசரியில்தான் சேர்க்கப்படுகிறது.

பரங்கிப்பேட்டை, லால்பேட்டை பக்கம் நிலைமை நேர் எதிர். அங்கே பல வீடுகள் வளைகுடா நாட்டுச் சம்பளத்தில் நடக்கின்றன. அந்தப் பணம் மாவட்ட உற்பத்தியில் வராது, ஏனென்றால் அது இங்கே உற்பத்தியாகவில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013-ல் அரசு ஏற்றுக்கொண்ட பிறகு, உபரி ஊழியர்கள் பலர் வெளியூர் அரசு அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். அரசுச் சேவையின் மதிப்பைப் பெரும்பாலும் சம்பளச் செலவை வைத்துத்தான் அளக்கிறார்கள். ஆக, ஊழியரின் குடும்பம் சிதம்பரத்திலேயே இருந்தாலும் அவருடைய வேலையின் மதிப்பு அவர் போன மாவட்டத்துக்கு உரியதாகிவிடுகிறது.

இன்னொன்று, தானே புயல். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. தலைமுறையாக வளர்த்த மரங்கள் ஒரே நாளில் போயின. அந்த மரங்களின் மதிப்பை உற்பத்திக் கணக்கிலிருந்து கழிப்பார்களா? மாட்டார்கள். உலகம் முழுக்க இருக்கும் விதிப்படி அது சொத்து இழப்பு, உற்பத்திக் கணக்கில் வராது. இனி வராமல் போகும் காய்கள் மட்டும்தான் பிந்தைய ஆண்டுகளில் குறைவாகத் தெரியும். உடைந்த வீட்டைத் திரும்பக் கட்டினால், அந்தச் செலவோ கட்டுமான உற்பத்தியாகக் கூடும்! இத்தனைக்கும் அந்த 2011-12-ஐத்தான் நாடு முழுவதற்கும் அடிப்படை ஆண்டாக வைத்து 2015 ஜனவரியில் புதிய கணக்கை வெளியிட்டார்கள்.

அப்படியானால் இந்த எண்களைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது. எண்ணே இல்லாவிட்டால் சத்தமாகப் பேசுகிறவர் சொல்வதுதான் கணக்கு. புள்ளியியல் ஊழியர்களைக் குறை சொல்லவும் இதில் ஒன்றும் இல்லை. எதை எப்படி அளக்க வேண்டும் என்ற விதிக்குள்தான் அவர்கள் வேலை செய்கிறார்கள்.

கேட்க வேண்டியது எளிமையான விஷயம். மாவட்ட எண்ணை வெளியிடும்போது, ஒவ்வொரு துறைக்கும் பக்கத்தில் "இது மாவட்டத்திலேயே அளந்தது", "இது மாநிலத் தொகையிலிருந்து பங்கிட்டது" என்று குறிப்பிட வேண்டும். "வருமானம்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "உற்பத்தி" என்று போட வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து தேசிய மாதிரி ஆய்வுகளில் மாவட்டமே அடிப்படை அலகாக ஆக்கப்பட்டிருக்கிறது. மாநில அரசு மனது வைத்தால், வீடுகள் எவ்வளவு செலவழிக்கின்றன, எத்தனை பேருக்கு வேலை இருக்கிறது என்பதையும் மாவட்ட வாரியாகப் பக்கத்திலேயே போடலாம்.

ஏன் இவ்வளவு வற்புறுத்த வேண்டும்? எந்த மாவட்டம் பின்தங்கியது, எதற்கு நிதி தேவை என்று முடிவெடுக்கும்போது இந்த எண்ணும் மேஜைக்கு வருகிறது. நெய்வேலியின் புகைபோக்கி கடலூரை வசதியான மாவட்டமாகக் காட்டினால், அதற்கான விலையைக் கொடுப்பது காட்டுமன்னார்கோயில் விவசாயக் கூலியும் பரங்கிப்பேட்டை மீனவரும்தான். அடுத்த முறை "தனிநபர் வருமானம் இவ்வளவு" என்று எங்கேயாவது படித்தால், மனப்பாடம் செய்வதற்கு முன்னால் "எந்த நபருடையது?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.