குளவி வேடத்தில் ஒரு கொடித் திருடன்

வீட்டோரத்தில் பூசணியோ புடோலோ படரவிட்டிருப்போரில் பலர், கொடியைச் சுற்றிக் குளவி பறக்கக் கண்டதும் மருந்துத் தாங்கியைத் தேடுகிறார்கள். இது அவசரப் புத்தி என்பதே எமது கருத்து.

குளவிபோல் பறப்பதெல்லாம் குளவியல்ல. கண்ணாடிபோன்ற செட்டையுடைய அந்துப்பூச்சிகள் உண்டு. மற்ற அந்துகள் இரவில் விளக்கைச் சுற்ற, இவை பட்டப்பகலில் பறக்கின்றன. குளவியின் நிறமும் வரியும் இருக்கும். கொடுக்கு மட்டும் இல்லை. குளவியிடம் ஒருமுறை குத்து வாங்கிய பறவை இவற்றையும் தொடாது. (இத்தகைய வேடத்தைப் பற்றி, அமேசன் காட்டில் பதினொரு ஆண்டு அலைந்த ஹென்றி வோல்டர் பேற்ஸ் 1862இல் எழுதினார். அவர் ஆராய்ந்தது வண்ணத்துப்பூச்சிகளை.)

பறவையை ஏய்ப்பதோடு நின்றால் நமக்கென்ன? வட அமெரிக்காவில் இவற்றுள் ஒன்று பூசணிக்கு எமன். செம்மஞ்சள் உடலில் கறுப்புப் புள்ளி. அடித்தண்டில் முட்டைகளை ஒவ்வொன்றாக இடும். பொரித்த புழு தண்டினுள் புகுந்து நாலு தொடக்கம் ஆறு கிழமை உள்ளிருந்தே தின்னும். காலையில் செழித்து நின்ற கொடி மத்தியானம் வாடும். தண்ணீர் போதவில்லையென்று நாம் இன்னும் ஊற்றுவோம். தென்னிந்தியாவில் இதே குலத்து அந்து ஒன்று புடலங்கொடியின் தண்டைக் குடைந்து வீங்கச் செய்கிறது.

மருந்தடித்தால் யார் சாவது? தண்டினுள் இருக்கும் புழுவுக்கு அது எட்டாது. சாவது உண்மைக் குளவி. அதுவோ இலைதின்னும் புழுக்களைப் பிடித்துத் தன் குஞ்சுகளுக்கு ஊட்டுவது. கூடவே தேனீயும் சாகும். பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. தேனீ வராவிட்டால் பிஞ்சு பழுத்து உதிரும். கடன்பட்டு வாங்கிய மருந்துக்கு இதுவா பலன்? சொந்தக் காணியில் பரப்புக் கணக்கில் செய்த காலத்தில் ஒரு கொடி போனால் பெரிதல்ல. இரவல் நிலத்தில் நாலு கொடி வைத்திருக்கையில் ஒன்று போனாலும் அன்றைக்குக் கறியில்லை.

தாங்கியை எடுக்குமுன் குந்தியிருந்து அடித்தண்டைப் பாருங்கள். ஓட்டையும், அதன் வாயில் ஈர மரத்தூள்போன்ற எச்சமும் இருந்தால் கள்ளன் உள்ளே. கூரிய பிளேட்டால் தண்டை நீளப்பாட்டில், குறுக்கே அல்ல, கீறிப் புழுவை எடுத்துவிட்டு அவ்விடத்தை ஈரமண்ணால் மூடுங்கள். கணுக்களுக்கும் மண் அணைத்தால் புதுவேர் விடும். காய்த்து ஓய்ந்த கொடியை வேலியோரம் போட்டுவைக்காமல் எரித்துவிடுங்கள்; புழு அதற்குள்ளும் இருக்கலாம்.