ஆமாம், இல்லை, காலி

ஆமாம், இல்லை என்று இரண்டே பதில் உள்ள கேள்விதான் கம்ப்யூட்டருக்கு ரொம்பச் சுலபம் என்பார்கள். நண்பர்களே, புரோகிராமுக்குள் அது சரி. டேட்டாபேஸ் வாசலைத் தாண்டினால் கதை வேறு.

ஜாவாவின் பூலியனில் ட்ரூ, ஃபால்ஸ், அவ்வளவுதான். மைஎஸ்க்யூஎல்லில் பூலியன் என்று எழுதினாலும் உள்ளே அது சின்ன எண்தான். 2 என்று கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். எஸ்க்யூஎல் சர்வரில் அதற்குப் பெயர் பிட். ஆரக்கிள் டேபிளில் பூலியன் வந்ததே 2023-ல்தான். அதுவரை 'ஒய்', 'என்' என்று ஓரெழுத்து வைத்தோ, 1, 0 வைத்தோ ஓட்டினார்கள். (எஸ்க்யூஎல் தரத்தில் 1999-லேயே வந்தாயிற்று. இருபத்துநாலு வருஷம் என்ன செய்தார்களோ!)

இதெல்லாம் பழகிவிடும். என் சண்டை 'நல்' என்கிற காலி இடத்தோடுதான்.

"குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவரா?" என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஃபாரம் நிரப்பித் தர ஆள் இருக்காது. (நானும் அந்தக் கூட்டம்தான்.) புரியாமல் காலியாக விட்டுவிடும். டேபிளில் 'நல்' என்று சரியாகத்தான் ஏறும். ஜாவாவில் கெட்பூலியன் போட்டு எடுத்தால் அதே 'நல்' ஃபால்ஸாகத் திரும்பி வரும். எர்ரர் கிடையாது. உடனே வாஸ்நல் என்று இன்னொரு தடவை கேட்டால்தான் உண்மை தெரியும். எத்தனை பேர் கேட்கிறோம்? பதிலே சொல்லாதவர் 'இல்லை' சொன்னவராகிவிட்டார். சலுகைப் பட்டியலில் பெயர் வராது. எஸ்க்யூஎல்லில் நேராகத் தேடினாலும் இதே கூத்து: ட்ரூவுக்குச் சமமா என்றாலும் வரமாட்டார், சமமில்லையா என்றாலும் வரமாட்டார்!

ஆகவே என் கட்சி இது. பதில் கட்டாயம் வேண்டிய கேள்விக்கு 'நாட் நல்' போடுங்கள். கூடவே 'டீஃபால்ட் ஃபால்ஸ்' போடாதீர்கள்; அது அவர் வாயில் நாமே பதிலைத் திணிப்பது. காலியாக விடலாம் என்றால், ஜாவாவில் பெரிய 'பி' போட்ட பூலியனில் வாங்குங்கள், அது 'நல்'லைத் தாங்கும். மாற்றுகிற வேலை ஒரே ஃபங்ஷனில் இருக்கட்டும். பைத்தானில் 'என்' எழுத்தை அப்படியே பூலுக்குக் கொடுத்தால் ட்ரூ என்கிறது. காலியில்லாத எந்த எழுத்தும் அதற்கு ட்ரூதான்.

"வைவாவுல யாருடா இதெல்லாம் கேக்கப் போறாங்க?" என்பீர்கள். கேட்கமாட்டார்கள்தான். ஆனாலும் ஆமாம், இல்லை, காலி என்று மூன்று பதிவு போட்டு, மூன்றாவது என்னவாகத் திரும்பி வருகிறது என்று பார்த்துவிட்டு ரிப்போர்ட்டை பைண்டிங்குக்குக் கொடுங்கள்.